ஐம்பத்தொன்பதாவது ஆள்

வெள்ளிக்கிழமை காலை ஹாலரன் சகோதரிகளின் புதிய ஆல்பம் வெளியானது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எங்கள் ரசிகர் குழுவில் அடிபிடி தொடங்கிவிட்டது.

வங்கரட்டாவில் ஆடு வளர்க்கும் ஒருவர், மூத்த சகோதரி கேட்டுக்கு எழுதி, ஆரம்பித்து வைத்தார். 'ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு பாட்டு மறுபடியும் பாட்டாக இருக்கிறது. நன்றி, கேட்.' ஜீலோங்கிலிருந்து ஒரு தாதி பதில் போட்டார். 'நாக்கை வெட்டிவிட்டு, குரல் இனிமையாக இருக்கிறது என்கிறீர்கள்.' அவ்வளவுதான். பதினோராயிரம் பேர் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றுகொண்டார்கள். பாஞ்சோ வாசித்தது யார், மூன்றாவது பாட்டில் வயலின் ஏன் இல்லை என்று நடுவில் வந்து கேட்ட ஒன்றிரண்டு அப்பாவிகளை இரண்டு பக்கமும் சேர்ந்து மிதித்தார்கள்.

நான் அந்தக் குழுவின் மூன்று நிர்வாகிகளில் ஒருவன். மகேந்திரராஜா என்ற பெயரை அவர்களுடைய வாய்க்கு ஏற்றபடி மேக் என்று சுருக்கிக்கொண்டு பத்து வருஷமாகிறது. கெட்ட வார்த்தை எழுதுபவர்களைத் தூக்குவது என் பொறுப்பு. அன்று அலுவலகத்தில் தண்ணீர்க் குழாய் வரைபடங்களைத் திரையில் விரித்து வைத்துவிட்டு, மேசைக்குக் கீழே கைபேசியை வைத்து, வாயில் வந்ததை எழுதியவர்களையெல்லாம் வெளியேற்றிக்கொண்டிருந்தேன்.

சண்டை, ஆல்பத்தில் இருந்த பதினொரு பாட்டுகளைப் பற்றியதல்ல. இல்லாத ஒரு பாட்டைப் பற்றியது. அந்தப் பாட்டு எங்கே என்று யாராவது கேட்டால் போதும், இன்னொருவர் உடனே ஒரு பழைய பதிவைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டுக் கேட்டார். 'படகில் வந்த அகதியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பிறகென்ன?' அன்று பிற்பகலுக்குள் அந்தப் பதிவு நாற்பது தடவையாவது ஒட்டப்பட்டிருக்கும். விதிப்படி அதில் ஒரு பிழையுமில்லை. தூக்க முடியாது.

அந்தப் பழைய பதிவை எழுதியவன் நான். நான் படகில் வந்தவன் இல்லை. தொண்ணூற்றொன்பதில் மாணவர் விசாவில், சிங்கப்பூர் வழியாக விமானத்தில் மெல்பேர்னுக்கு வந்தேன். ஜன்னலோர இருக்கை. இரண்டு தடவை கோழிச் சாப்பாடு தந்தார்கள். எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் ஆட்களில் கன்ட்ரி பாட்டுக் கேட்பவர்கள் குறைவு. என் மனைவி சிவகௌரி அதை மாட்டுக்காரப் பாட்டு என்பாள். காரில் ஏறியதும் அதை நிறுத்திவிட்டுத்தான் சீற்பெல்ட் போடுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை உள்நாட்டு ஊர்களுக்கு நீரேற்று நிலையங்களைச் சோதிக்க அனுப்புவார்கள். மணிக்கணக்காக ஒரே நேர் ரோட்டு. வானொலியில் பிடிபட்டது இந்தப் பாட்டுகள்தான். ஹாலரன் சகோதரிகள் மூவர், மூத்தவள் கேட். மழை பெய்யாத வருஷம், விற்றுப்போன குதிரை, திரும்பி வராத தம்பி என்று அவள் பாடும்போது எனக்கு ஏதோ என்னிடமே சொல்வதுபோல இருக்கும். பதினான்கு வருஷமாக அவர்களுடைய கச்சேரி ஒன்றும் விட்டதில்லை. மூன்று தடவை வரிசையில் நின்று கேட்டிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். மூன்று தடவையும் அவள் சிரித்த முகத்தோடு, "உங்கள் பெயர் என்ன?" என்றுதான் கேட்டாள்.

நான்கு வருஷத்துக்கு முன்பு எங்கள் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க ஒருவன் வந்தான். நடைபாதையில் ஏணியில் நின்றுகொண்டு, ஹாலரன் சகோதரிகளின் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு சுவரைத் தேய்த்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன்தான் சுஜீதன். மில்டுராவில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் உழவு இயந்திரத்து வானொலியில் கேட்டுக் கேட்டு இங்கிலீஷ் படித்தவன். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் கூட்டாளிகள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். சிவகௌரிக்கு அவன் கூடப்பிறக்காத தம்பி.

சுஜீதன் இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் படகில் வந்தவன். வழக்கு நிராகரிக்கப்பட்டு, ஆறு மாதத்துக்கொரு தடவை தற்காலிக விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பதின்மூன்று வருஷம். போகவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. அவன் புறப்படும்போது வயிற்றில் இருந்த மகள் வர்ஷா இப்போது கிளிநொச்சியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். தகப்பனைத் திரையில்தான் தெரியும்.

பெயின்ற் வேலையின் இரண்டாம் நாள், குசினிக்குப் பின்னால் உள்ள படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, அவன் ஒரு கதை சொன்னான். படகில் ஐம்பத்தெட்டுப் பேர். பதினேழு நாள். எல்லாருக்கும் வாந்தி. ஒருவனிடம் ஒரேயொரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சம்பழம், இருந்தது. அதை வெட்டாமல், பிழியாமல், ஆளுக்கு ஒரு தடவை மணந்து பார்க்கக் கொடுத்தார்கள். கையிலிருந்து கையாக ஐம்பத்தெட்டு மூக்குக்கும் போய்த் திரும்பி வரும். கடைசி நாட்களில் அது கறுத்து, கல்லுப்போல ஆகிவிட்டது. அப்போதும் மணந்தார்கள். அவன் அதைப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. கையில் ஒட்டியிருந்த பெயின்றைச் சுரண்டிக்கொண்டே சொல்லிவிட்டு, அடுத்த அறைக்கு என்ன நிறம் என்று கேட்டான். எனக்கு அந்தத் தேசிக்காய் மறக்கவேயில்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்பு, இப்படி நிரந்தர விசா இல்லாமல் காத்திருப்பவர்கள் குடிவரவு அலுவலகத்துக்கு முன்னால் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். சுஜீதனும் போனான். ஒருநாள் கேட் ஹாலரன் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தாள். வந்தவள் சுஜீதனோடு இரண்டு மணித்தியாலம் நிலத்தில் உட்கார்ந்து கதைத்தாள். அடுத்த மாதம் 'பதினேழு நாள்' என்று ஒரு பாட்டுக் கட்டினாள். கடைசி அடியில் வர்ஷாவின் பெயர் வரும். பென்டிகோ கச்சேரியில் சுஜீதனை மேடைக்கு அழைத்து, கட்டிப்பிடித்து, அந்தப் பாட்டைப் பாடி, "இவர்களுக்கு விசாவைக் கொடுங்கள், வெட்கமாக இருக்கிறது" என்றாள். பாதிச் சனம் எழுந்து நின்று கைதட்டியது. பாதிச் சனம் ஊளையிட்டது. அந்தக் கிழமையே சில வானொலிகள் அவர்களைப் போடுவதை நிறுத்தின. பண்ணை இயந்திரக் கம்பனி ஒன்று விளம்பரத்தை விலக்கிக்கொண்டது. ஒருவர் ஹாலரன் ரீசேர்ட்டைக் கொல்லைப்புறத்தில் எரித்துப் படம் போட்டார்.

நான் அன்று பென்டிகோவில் நாலாவது வரிசையில் இருந்தேன். அவள் அவனைக் கட்டிப்பிடித்ததைப் பார்த்தேன். அவனுடைய பெயரைச் சரியாக உச்சரித்தாள். சுஜீதன். எழுத்துப் பிசகாமல். நல்ல மனிதனுக்கு அந்த நேரத்தில் கண் கலங்கியிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

குழு இரண்டாக உடைகிறது, யாராவது தண்ணீர் ஊற்றவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுஜீதனின் வழக்குக்கும் இந்தக் கூச்சல் நல்லதில்லை என்றும் சொல்லிக்கொண்டேன். எல்லாம் நியாயம்போலத்தான் இருந்தது. பெயர் காட்டாமல் எழுதும் வசதி குழுவில் உண்டு. அதில் எழுதினேன். 'நானும் படகில் வந்தவன். ஐம்பத்தெட்டுப் பேர் ஒரு தேசிக்காயை மாறி மாறி மணந்து உயிர் தப்பினோம். எங்கள் துயரத்தை மேடையில் போடாதீர்கள், கேட். எங்களுக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் பாட்டுத்தான் எங்களுக்கு மருந்து. தயவுசெய்து பாட மட்டும் செய்யுங்கள்.'

என்ன எழுத்து! பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை.

உறுப்பினர்களுக்குத்தான் பெயர் தெரியாது. நிர்வாகிகளுக்குத் தெரியும். பல்லாரட்டிலிருக்கும் டெபி என்ற வயதான நிர்வாகி உடனே எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். 'மேக், கண்ணே, இத்தனை வருஷமாக நீ சொல்லவேயில்லையே. உன் இரகசியம் என்னோடு மண்ணுக்குள் போகும்.' அடுத்த கிழமை தபாலில் ஒரு வாழ்த்தட்டை வந்தது, கையால் தைத்த பூவோடு. நான் நன்றி என்று எழுதினேன். அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

பதிவை வானொலியில் வாசித்தார்கள். பத்திரிகையில் போட்டார்கள். பிறகு எல்லாம் ஓய்ந்தது, நானும் மறக்கப் பழகினேன். ஆல்பம் வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன்புதான் கேட்டின் பேட்டி வந்தது. 'பதினேழு நாள்' ஏன் இல்லை என்று கேட்டதற்கு அவள் சொன்னாள்: "படகில் வந்த ஒரு மனிதர் என்னைப் பாடவேண்டாம் என்று கேட்டார். அந்தத் தேசிக்காயைப் பற்றி வாசித்த பிறகு என்னால் பாட முடியவில்லை. அது என்னுடைய கதை இல்லை. அவருடைய சொல்லைக் கேட்டேன்."

வானொலிகள் பயமுறுத்தியும், கம்பனி போயும், சனம் ஊளையிட்டும் நிறுத்தாதவள். என் ஒரு பொய்க்கு நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமை சுஜீதன் தொலைபேசி எடுத்தான். "அண்ணை, ஆல்பம் கேக்க வாறீங்களோ? நான் தனியத்தான் இருக்கிறன்." நாங்கள் இரண்டு பேரும் எந்த ஆல்பத்தையும் சேர்ந்திருந்துதான் முதலில் கேட்பது. வழக்கம் அது. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சிவகௌரி இடியப்பமும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டித் தந்தாள். "அந்தப் பெடியன் மெலிஞ்சு போனான். சாப்பிட்டானோ எண்டு பார்த்திட்டு வாங்கோ" என்றாள்.

கிளென் வேவர்லியிலிருந்து வெரிபீக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். புது வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில், ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளைச் சுஜீதனும் அவனுடைய சிநேகிதன் பிரஷாந்தனும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பிரஷாந்தனும் அதே படகில் வந்தவன். இருவரும் பதின்மூன்று வருஷமாக ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சாப்பிடுபவர்கள். நான் உள்ளே போனபோது பிரஷாந்தனின் கட்டிலில் மெத்தை மட்டும் கிடந்தது. சுவரில் மாட்டியிருந்த அவனுடைய உடுப்புகளைக் காணவில்லை.

"எங்க அவன்?" என்று கேட்டேன்.

"போயிட்டான் அண்ணை. நான்தான் போகச் சொன்னனான். ரெண்டு கிழமை." சுஜீதன் கதிரையைத் துடைத்துப் போட்டான். "இருங்கோ. தேத்தண்ணி போடுறன்."

"ஏன், என்ன நடந்தது?"

"அந்தக் கடிதத்தை எழுதினது அவன்தான்."

எனக்கு எந்தக் கடிதம் என்று கேட்கும் அளவுக்கு நடிப்பு வரவில்லை.

"கேட்டின்ரை பேட்டியைப் பார்த்த பிறகுதான் அதைத் தேடி எடுத்து வாசிச்சனான்" என்றான் சுஜீதன். "அதில தேசிக்காய் வருதண்ணை. எங்கடை படகில மட்டும்தான் அது நடந்தது. அந்தத் தேசிக்காய் பிரஷாந்தன்ரை. வெளிக்கிடேக்கை அவன்ரை தாய் பொக்கற்றுக்குள்ள வைச்சு விட்டவா. நான் ஒருத்தருக்கும் அதைச் சொன்னதில்லை. ஐம்பத்தெட்டுப் பேர். பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிட்டாங்கள். மெல்பேர்னில இருக்கிறது நாலு பேர். அதில ஆருக்கு இங்கிலீஷில அப்பிடி எழுத வரும்? அவனுக்குத்தான் வரும். பாட்டு வந்த நேரமே சொன்னவன், 'வேண்டாமடா மச்சான், கேஸ் பழுதாப்போகும்' எண்டு."

"அவன் என்ன சொன்னவன்?"

"இல்லையெண்டான். அழுதான். நான் நம்பேல்லை." தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்தான். "படகில நான் மயங்கிக் கிடக்கேக்கை என்னைத் தூக்கி மடியில வைச்சிருந்தவன் அண்ணை. அவன் எனக்கு இப்பிடிச் செய்வானோ எண்டு நினைச்சுத்தான் கோவம் கூடினது. பிள்ளை பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப்போட்டாள், தன்ரை பேர் பாட்டில வரப்போகுது எண்டு. நேற்று எடுத்துக் கேட்டாள், 'அப்பா, எத்தினையாவது பாட்டு?' எண்டு."

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் குசினிப் படியில் இருந்து எனக்குச் சொன்ன கதையை அவன் அடியோடு மறந்துவிட்டான். படகுக்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்று சத்தியமாக நம்புகிறான். நான் அவனுடைய கணக்கிலேயே இல்லை. விமானத்தில் வந்த, பென்னாம்பெரிய வீடு வைத்திருக்கிற, இடியப்பம் கொண்டுவருகிற அண்ணன் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

"அண்ணை, நீங்கள் அட்மின்தானே" என்றான். "உங்களுக்குப் பேர் தெரியுமெல்லே? விதி இருக்கும், தெரியும். பேரைச் சொல்லவேண்டாம். பிரஷாந்தன் ஓமா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கோ."

"அவன் இல்லை" என்றேன்.

அவன் அப்படியே சுவரில் சாய்ந்தான். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அழுகிறானா, சிரிக்கிறானா என்று தெரியவில்லை. அந்தக் கணம் எனக்கு ஒரு கேடுகெட்ட நிம்மதி வந்தது. பாதி உண்மையைச் சொல்லியாயிற்று, பிரஷாந்தன் திரும்பி வந்துவிடுவான், என் பெயர் வெளியே வராமலே விஷயம் முடிந்தது. தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தேன்கூட.

"அப்ப லக்சன்" என்றான் சுஜீதன். கையை எடுத்தபோது அவன் முகம் மாறியிருந்தது. "எங்கடை படகுதான், சிட்னியில இருக்கிறவன். அவனும் நல்லா எழுதுவான். எனக்கு விசா கிடைச்சிடும் எண்டு அவனுக்கு எப்பவும் ஒரு இது. போன மாசம்தான் அவன்ரை அப்பீலும் தோத்தது. கேக்கிறன் பாருங்கோ."

"விடு சுஜீ. அவனா இருக்காது."

"உங்களுக்குத் தெரியாது அண்ணை அவனை." அவன் கைபேசியில் இலக்கத்தைத் தேடி அழுத்திவிட்டான். மறுமுனையில் மணி அடிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. சிட்னியில் எங்கோ ஓர் அறையில், வழக்குத் தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கும் ஒருவன் இப்போது போனை எடுக்கப் போகிறான். பிரஷாந்தனுக்கு நடந்தது அவனுக்கும் நடக்கும். அவன் இல்லையென்றால் அடுத்த ஆள். ஐம்பத்தெட்டும் முடியும்வரை இது நிற்காது.

"போனை வை, சுஜீ. நான்தான் எழுதினது."

மணி இன்னும் இரண்டு தடவை அடித்தது. அவன் நிறுத்தினான். என்னை அப்படியே பார்த்தான். நான் அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான், பக்கத்து அறையில் யாரும் இல்லாதபோதும்.

"அண்ணை, நீங்களும் படகிலயோ வந்தனீங்கள்?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"உங்கடை படகிலயும் தேசிக்காய் கொண்டுவந்தவையோ? எந்த வருஷம் வந்தனீங்கள்? கௌரி அக்காவுக்குத் தெரியுமோ?" அவன் என் கையைப் பிடித்தான். "என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே. இவ்வளவு காலம் ஏன் அண்ணை உள்ளுக்க வைச்சிருந்தனீங்கள்?"

என் வாழ்க்கையில் என்னை யாரும் அவ்வளவு அன்பாகத் தொட்டதில்லை. அந்தக் கைக்குள்ளிருந்து என் கையை எடுக்க எனக்கு மனமில்லை. ஓம் என்று சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்துபோனது. நான் எப்படிப்பட்டவன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"இல்லை" என்றேன். "நான் பிளேனிலதான் வந்தனான். பெயின்ற் அடிக்க வந்த நேரம் நீதான் எனக்குச் சொன்னனீ, பின்படியில இருந்து. உன்ரை கதையைத்தான் எடுத்து எழுதினனான்."

அவன் கையை எடுத்தான். மெதுவாகத்தான் எடுத்தான்.

"ஏன்?"

குழு உடைந்தது, உன் வழக்குப் பழுதாகும் என்று பயந்தேன், ஒரு நல்லதுக்குத்தான் என்றெல்லாம் தொடங்கினேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அப்படிக் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு முன்னால் அதைத் தொடர முடியவில்லை.

"எனக்கு எரிச்சல், சுஜீ. பதினாலு வருஷம் அவவின்ரை பின்னால திரிஞ்சனான். அவவுக்கு என்ரை பேர் தெரியாது. உன்னைக் கட்டிப்பிடிச்சவ."

"இதுக்கோ" என்றான் அவன். எழுந்துபோய் ஜன்னலருகே நின்றான். வெளியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம் கேட்டது.

நான் கைபேசியை எடுத்தேன். "இப்பவே எழுதுறன். என்ரை சொந்தப் பேரில. நான் பொய் சொன்னனான், நான் படகில வந்த ஆளில்லை எண்டு. எல்லாரும் பார்க்கட்டும்." நாலு வரி எழுதி அவனுக்கு வாசித்தும் காட்டினேன். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு இலேசானது.

"போடாதேங்கோ" என்றான் அவன், திரும்பாமலே.

"ஏன்?"

"நாளைக்கு என்ன வரும் எண்டு தெரியாதே உங்களுக்கு? 'படகு அகதியின்ரை கதை பொய்' எண்டுதான் வரும். படகில வராத ஆள் சொன்ன பொய் எண்டு ஒருத்தனும் வாசிக்கமாட்டான். தமிழன் பொய் சொன்னவன், அதுதான் நிக்கும். தேசிக்காய் பொய், பதினேழு நாள் பொய், சுஜீதனும் பொய். என்ரை மனு இப்ப அமைச்சரின்ரை கந்தோரில கிடக்குது அண்ணை."

"அப்ப கேட்டுக்கு மட்டும் எழுதுறன். தனிய."

"அவவுக்கு ஒளிக்கத் தெரியாது. அடுத்த மேடையில எல்லாத்தையும் சொல்லிப்போடுவா. நல்ல மனுசி." இப்போது அவன் திரும்பினான். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். களைத்துப்போன ஒருவனின் முகம்தான் இருந்தது. "ஒண்டும் செய்யாதேங்கோ. நீங்கள் செய்தது காணும். அந்தக் கடிதத்தை எழுதினது எங்கடை படகு ஆள்தான். அப்பிடியே இருக்கட்டும். வேற வழியில்லை."

நான் எழுதிய நாலு வரியையும் அவனுக்கு முன்னாலேயே அழித்தேன்.

அவன் கைபேசியை எடுத்துப் பிரஷாந்தனை அழைத்தான். அழைத்துவிட்டு, சத்தம் வெளியே கேட்கும்படி மேசையில் வைத்தான். "நீங்களும் கேளுங்கோ" என்றான் என்னிடம்.

"சொல்லு." பிரஷாந்தனின் குரல். பின்னால் களஞ்சியசாலையின் வண்டிகள் இரையும் சத்தம். அவனுக்குச் சனிக்கிழமையும் வேலை.

"மச்சான், நீ இல்லையாம். அட்மினிட்டைக் கேட்டனான். என்னை மன்னிச்சுக்கொள்ளடா."

"உனக்கு அட்மின் வந்து சொல்லவேண்டிக் கிடந்தது, என்ன?" என்றான் பிரஷாந்தன்.

"ஓமடா. பிழை என்னிலதான்."

"சரி விடு. அப்ப ஆராம்?"

சுஜீதன் என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்கடை படகு ஆள்தானாம். பேர் சொல்லமாட்டினமாம்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "பாவமடா அவன். என்ன பயத்தில எழுதினானோ. நானும் உன்னட்டை அதைத்தானே சொன்னனான், பாட்டு வேண்டாமெண்டு. அவனோட கோவிக்காதை." ஒரு வண்டி பின்னுக்கு வரும் மணி அடித்து ஓய்ந்தது. "மச்சான், அந்த ஆள் தனிய இருக்கிறானோ என்னவோ. தனிய இருந்துதானே எங்கடை பெடியள் மூண்டு பேர் போய்ச் சேர்ந்தவங்கள். அந்த அட்மினைக் கொண்டு ஒருக்காக் கேப்பி. இருக்க இடமில்லாட்டில் எங்களோட வந்து இருக்கட்டும். நான் இண்டைக்கு வந்திடுவன். முன்னறையில இன்னொரு கட்டில் போடலாம். கேப்பியே?"

"கேக்கிறன்" என்றான் சுஜீதன்.

"மறந்திடாதை. திங்கள் நான் திரும்பக் கேப்பன்."

அழைப்பு முடிந்தது. மேசையில் இடியப்பப் பெட்டி திறக்காமலே இருந்தது. ஆல்பத்தை நாங்கள் போடவேயில்லை.

"கேட்டனீங்கள்தானே அண்ணை?" என்றான் சுஜீதன். நக்கலாகக் கேட்கவில்லை. திங்கள் கேட்பேன் என்றால் பிரஷாந்தன் கேட்டே தீருவான், சுஜீதனுக்கு உண்மையாகவே ஒரு பதில் வேண்டும். "அவனுக்கு நான் என்ன சொல்ல?"

நான் எழுந்து நின்றேன். கார்ச் சாவியைத் தேடினேன், அது கையில்தான் இருந்தது.

"அவருக்கு வீடிருக்கு எண்டு சொல்லு" என்றேன்.

சுஜீதன் தலையாட்டினான். பிறகு போய், எனக்குக் கதவைத் திறந்துவிட்டான்.